ஏற்காடு ஏரிப் படகுப் போட்டியை டிரோனில் படம்பிடிக்க எழுத்துமூல அனுமதி முறை வேண்டி மனு

அனுப்புநர்:
விழா ஒளிப்பதிவாளர்,
அஸ்தம்பட்டி,
சேலம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சேலம் – 636 001.

பொருள்: கோடை விழாவையொட்டி ஏற்காடு ஏரியில் நடக்கும் படகுப் போட்டியை டிரோன் மூலம் படம்பிடிக்க யாரிடம், எப்படி அனுமதி கேட்பது என்பதை எழுத்துமூலமாக வகுத்துத் தரக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: டிரோன் விதிகள், 2021 (ஒன்றிய அரசு அறிவிக்கை, நாள் 25.08.2021).

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

சேலத்தில் பதினோரு வருடமாக ஸ்டுடியோ வைத்துத் தொழில் செய்கிறேன். கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம் என்று எது வந்தாலும் எடுப்பேன். நான்கு வருடமாக டிரோனும் வைத்திருக்கிறேன். கல்யாண வீட்டில் அதை ஹெலிகேம் என்பார்கள், "ஹெலிகேம் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸே கொடுப்பார்கள். என் டிரோன் இரண்டு கிலோவுக்குக் குறைவான மைக்ரோ வகை. அதற்குப் பதிவெண் இருக்கிறது, மூன்றாம் நபர் காப்பீடு இருக்கிறது, எனக்கு ரிமோட் பைலட் சான்றிதழும் இருக்கிறது. மூன்றின் நகலையும் இணைத்திருக்கிறேன்.

போன வருடம் மே மாதம், படகுப் போட்டி அன்று, விடியற்காலையில் டூவீலரில் இருபது வளைவும் ஏறி ஏற்காடு போனேன். படகுகளை அவிழ்ப்பதற்கு முன்பே கரையில் பாயை விரித்து டிரோனை வைத்துவிட்டேன். சீருடையில் ஒருவர் வந்தார். "யார் பர்மிஷன் குடுத்தா?" என்றார். காகிதங்களைக் காட்டினேன். சான்றிதழை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் சரி, லெட்டர் இருக்கா?" என்றார். யாருடைய லெட்டர் என்று கேட்டேன். அது அவருக்கும் தெரியவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவ்வளவு கூட்டத்தில் அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். டிரோனைப் பையில் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன்.

அதன் பிறகு நடந்ததற்காகத்தான் இந்த மனு. ஒரு மணி நேரம் கழித்து எதிர்க்கரை மரங்களுக்குள்ளிருந்து ஒரு டிரோன் கிளம்பியது. ஓட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. கரையில் நின்றவர்களின் தலைக்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் போனது. குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஒரு அம்மா முந்தானையால் அதன் தலையை மூடிக்கொண்டு குனிந்தார். வந்த மாதிரியே மரங்களுக்குள் போய்விட்டது. அன்று சாயங்காலம் அந்த வீடியோ எல்லோருடைய வாட்ஸ்அப்பிலும் ஓடியது. கேட்டுச் செய்ய நினைத்தவன் பையை மூடிக்கொண்டு நிற்கிறான், கேட்காமல் செய்தவன் படத்தோடு வீட்டுக்குப் போகிறான். வாய்வார்த்தையாக "வேண்டாம்" என்று சொல்லும்போது அது என்னைப் போன்றவர்களை மட்டும்தான் தடுக்கிறது.

அப்புறம் அந்த லெட்டரைத் தேடி நான்கு அலுவலகங்கள் ஏறி இறங்கினேன். எந்தெந்த அலுவலகம் என்று எழுதப்போவதில்லை. ஒரு இடத்தில் "இது எங்க லிமிட் இல்லை" என்றார்கள். ஒரு இடத்தில் மனுவை வாங்கிக்கொண்டார்கள், பதில் வரவில்லை. மூன்றாவது இடத்தில் "விழா முடியட்டும், வாங்க" என்றார்கள். விழா முடிந்த பிறகு அனுமதியை வைத்து நான் என்ன செய்ய? நான்காவது இடத்தில் நல்ல டீ கொடுத்தார்கள்.

உண்மையில் குழப்பத்துக்கு இடமிருக்கிறது. வானத்துக்கு ஒன்றிய அரசின் விதி உண்டு. காலூன்றி நிற்கும் தரைக்குத்தான் யார் பொறுப்பு என்று தெரியவில்லை. படகு இல்லம் ஒருவர் பொறுப்பு, பக்கத்துப் பூங்கா இன்னொருவர் பொறுப்பு, கூட்டமும் சாலையும் வேறொருவர், மலையைச் சுற்றிய காடு மற்றொருவர். ஒவ்வொருவரும் தன் எல்லையைக் காட்டி ஒதுங்க முடிகிறது.

வானத்தைப் பற்றி 2021 விதிகள் தெளிவாகவே சொல்கின்றன. வான்வெளி வரைபடத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு நிறம் உண்டு. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்க முன் அனுமதி தேவையில்லை. விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை அந்த உயரம் 200 அடியாகக் குறையும். மஞ்சள் மண்டலமென்றால் வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளரின் அனுமதி வேண்டும், சிவப்பென்றால் ஒன்றிய அரசின் அனுமதி வேண்டும். காமலாபுரத்தில் உள்ள சேலம் விமான நிலையத்திலிருந்து ஏற்காடு ஏரி நேர்கோட்டில் சுமார் 15 கிலோமீட்டர். இருந்தாலும் அன்றன்றைய வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் நான் ஏற்றுவதில்லை. இடையில் நிறம் மாறலாம். அதே விதிகளில் தற்காலிகச் சிவப்பு மண்டலம் என்று ஒன்றும் உண்டு. அவசரத் தேவை ஏற்பட்டால் மாநில அரசோ காவல்துறையோ ஓர் இடத்தை அப்படி அறிவிக்கலாம். ஒரு தடவைக்கு 96 மணி நேரம்தான். காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரி அறிவிக்க வேண்டும், வரைபடத்திலும் அது தெரிய வேண்டும். அமைச்சர்கள் வரும் தொடக்க விழா நாளில் அப்படி ஒரு அறிவிப்பு வந்தால் டிரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவேன். தடை போடவும் ஒரு முறை இருக்கிறது, அனுமதிக்கும் ஒரு முறை இருந்தால் போதும் என்பதுதான் என் கோரிக்கை.

தண்ணீருக்கு மேல் ஓட்டுவது மண்டப வாசலில் ஓட்டுவதைப் போல அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நாளைக்குத் தாங்கள் விதிக்கும் நிபந்தனைகள் இதைப் பொறுத்துத்தான் அமையும். டிரோனின் வயிற்றில் கீழே பார்க்கும் சின்னக் கேமராவும் உணரிகளும் உண்டு. தரைக்குப் பக்கத்தில் இருக்கும்போது கல், புல், தரைக் கோடு இவற்றைப் பார்த்துப் பார்த்துத்தான் அது ஆடாமல் நிற்கும். தண்ணீரில் அதற்குப் பிடிமானம் கிடையாது. அலை நகர்ந்தால் தானே நகர்வதாக நினைத்துக்கொண்டு, அதைச் சரிசெய்ய அலை போகும் பக்கமே ஓடப் பார்க்கும். ரொம்பத் தாழ்ந்தால் உயரத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டு மெல்ல இறங்கிக்கொண்டே போகும். திரையில் படம் பிரமாதமாக இருக்கும், அடுத்த நொடி திரை கறுப்பாகிவிடும். ஆகவே படகுகளுக்கு மேல் 15 மீட்டருக்குக் கீழே யாரையும் விடக்கூடாது.

இரண்டாவது, படகில் நின்றுகொண்டு ஏற்றுவது. பார்க்க அழகு, செய்யக் கூடாத வேலை. கிளம்பிய இடத்தைத்தான் டிரோன் தன் வீடு என்று குறித்துக்கொள்கிறது. சிக்னல் அறுந்தால் தானாக அங்கேதான் திரும்பும். அதற்குள் படகு நூறு அடி நகர்ந்திருந்தால் டிரோன் ஒழுங்காக நடு ஏரியில் இறங்கிவிடும். மூன்றாவது, மேட்டிலிருந்து ஏற்றுவது. ரிமோட் காட்டும் உயரம் கிளம்பிய இடத்திலிருந்து அளந்த உயரம். ஏரிக்கு மேலே உள்ள காப்பித் தோட்ட மேட்டில் நின்று ஏற்றினால் 20 மீட்டர் என்று காட்டும், ஏரியிலிருந்து பார்த்தால் அது 50 ஆகக்கூட இருக்கும். திரும்பி வரும் வழியில் சில்வர் ஓக் மரங்கள் வேறு. அதனால்தான் ஏரி மட்டத்திலேயே, கயிறு கட்டிய ஓரிடம் கேட்கிறேன். கயிறு கூட்டத்துக்கு மட்டுமல்ல, குரங்குக்கும்தான். ஒருமுறை உபரி இறக்கைகள் வைத்திருந்த பொட்டலத்தைக் கடலை என்று நினைத்து ஒன்று மரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து பைக்குக் காவலாக ஒரு ஆளைக் கூட்டிப் போகிறேன். டிரோனிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்துச் சொல்ல இன்னொரு ஆளும் உண்டு.

நேரமும் முக்கியம். காலை ஒன்பது மணிக்குள் ஏரி பச்சையாக, ஆழமாகத் தெரியும். உச்சி வெயிலில் தகரக் கூரை மாதிரி கண்ணைப் பறிக்கும். மதியத்துக்கு மேல் மே மாதத்திலும் மூடுபனியோ மழையோ வந்துவிடும், என் டிரோன் நனையக்கூடாத சாதி. பேட்டரி முப்பது நிமிடம் என்று பெட்டியில் போட்டிருப்பார்கள். மலைக்காற்றில் இருபதுக்கு மேல் நம்ப மாட்டேன்.

இவ்வளவு சிரமப்பட்டு மேலிருந்து எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்கலாம். எங்கள் பக்கத்து ஊர் ஏரியில் பொங்கலுக்கு இளைஞர்கள் பரிசல் போட்டி நடத்தினார்கள். கரையில் நின்றவர்களில் பாதிப்பேர் சிவப்பு டவுசர் ஜெயித்தது என்றார்கள், பாதிப்பேர் நீல டவுசர் என்றார்கள். கை கலக்கிற நேரம். என் டிரோன் அப்போது முடிவுக்கோட்டுக்கு நேர் மேலே நின்றிருந்தது. பஞ்சாயத்துத் திண்ணையில் லேப்டாப்பை வைத்துப் போட்டுக் காட்டினேன். நீலம், அரைப் பரிசல் தூரம். சிவப்புக்காரரே சிரித்துவிட்டார். கரையிலிருந்து சாய்வாகப் பார்க்கிற கண்ணுக்கு முன்னால் இருப்பது எது, பக்கத்தில் இருப்பது எது என்று தெரியாது.

இதைப் பெரிதாக்கியும் சொல்ல மாட்டேன். கேரளாவில் ஆலப்புழை நேரு கோப்பைப் படகுப் போட்டியில் 2024இல் காரிச்சால் சுண்டன் என்ற படகு 4 நிமிடம் 29.785 நொடியில் வந்தது, வீயபுரம் என்ற படகு 4 நிமிடம் 29.790 நொடியில் வந்தது. அந்த அளவு வித்தியாசத்தை டிரோன் தீர்க்காது. நொடிக்கு 50 படம் எடுத்தால்கூட ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் நூற்றில் இரண்டு பங்கு நொடி போய்விடும். நம் ஏரியின் மிதிபடகுக்கும் துடுப்புப் படகுக்கும் இது தாராளம். தவிர, ஏரியின் மறுகோடியில் இரண்டு படகு மோதினாலோ ஒருவர் தண்ணீரில் விழுந்தாலோ கரையில் இருப்பவர்களுக்கு மரம் மறைக்கும். மேலே இருக்கும் கேமராவின் திரையை மீட்புப் படகுக்காரர் பக்கத்தில் வைத்தால் அவர் முதலில் பார்ப்பார்.

ஊருக்கும் ஒரு லாபம் உண்டு. ஏரியும் காடும் சேர்ந்துதான் ஏற்காடு என்பார்கள். ஆனால் அந்த இரண்டும் ஒரே சட்டகத்தில் விழும் நல்ல படம் சுற்றுலா விளம்பரத்துக்கு வேண்டுமென்றால் மேலே போய்த்தான் எடுக்க வேண்டும்.

ஆட்சேபணைகளும் நியாயமானவை. எங்கள் தொழிலில் பதிவில்லாத டிரோனை விடுகிறவர்கள் இருக்கிறார்கள், மறைக்கவில்லை. ஏரியைச் சுற்றி வீடுகளும் விடுதிகளும் உண்டு. அவற்றின் மாடியும் ஜன்னலும் படத்தில் வரக்கூடாது. படகில் இருக்கும் பெண்களின் முகத்தை நெருக்கமாக எடுக்கக்கூடாது, போட்டியாளர்களிடம் முன்பே கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம். பருந்தோ காகமோ துரத்த ஆரம்பித்தால் இறக்கிவிட வேண்டும். மலைத்தேனீக் கூடு இருக்கும் மரத்தின் பக்கமே போகக்கூடாது. காப்புக்காட்டுக்கு மேல் பறக்க இந்த மனுவில் அனுமதி கேட்கவில்லை.

எனவே, மாவட்டச் சுற்றுலா அலுவலரையோ தாங்கள் பொருத்தமென்று கருதும் வேறொரு அலுவலரையோ இதற்கு ஒரே பொறுப்பாளராக நியமித்து ஆணையிட வேண்டுகிறேன். போட்டிக்கு 15 நாள் முன்பு விண்ணப்பம், 7 நாள் முன்பு எழுத்தில் பதில் என்று இருந்தால் போதும். பதில் "இல்லை" என்றாலும் சரி, காரணத்தோடு எழுத்தில் வந்தால் மதித்து நடப்பேன். பதிவெண், காப்பீடு, சான்றிதழ் மூன்றும் உள்ளவர்களுக்கு மட்டும், ஒரே நேரத்தில் இரண்டு டிரோன்களுக்கு மேல் போகாமல், போட்டி நடக்கும் நேரத்துக்கு மட்டும் அனுமதி தரலாம். பார்வையாளர் தலைக்கு மேல் பறக்கக்கூடாது என்பதை முதல் நிபந்தனையாகப் போடுங்கள். அனுமதி பெற்றவருக்கு ஒரு அட்டை கொடுத்துக் கழுத்தில் மாட்டச் சொன்னால் களத்தில் நிற்கும் காவலருக்கும் வேலை எளிது: அட்டை இல்லாத டிரோனைப் பிடித்துவிடலாம். விதி மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க ஏற்கெனவே இடமிருக்கிறது, அது எனக்கும் பொருந்தும். எடுத்த படம் முழுவதையும் வெட்டாமல் ஒரு பிரதி மாவட்ட நிர்வாகத்துக்கு இலவசமாகத் தருகிறேன்.

ஏற்காட்டில் இது சரியாக நடந்தால் பூலாம்பட்டி காவிரிப் படகுத்துறைக்கும் யோசிக்கலாம். அங்கே பக்கத்திலேயே கதவணை இருப்பதால் நிபந்தனைகள் வேறாக இருக்க வேண்டும். அதற்குத் தனி மனு கொடுக்கிறேன்.

மேலே சொன்னபடி பறக்கவிட்டுக் காட்டச் சொன்னால், விழாவுக்கு முன்பு கூட்டம் குறைந்த ஒரு காலையில், தாங்கள் அனுப்பும் அலுவலர் முன்னிலையில் ஏரியில் செய்துகாட்டத் தயாராக இருக்கிறேன். தேதியை மட்டும் இரண்டு நாள் முன்பு சொன்னால் போதும், முகூர்த்த நாளாக இருந்தால் மாற்று ஆள் பார்க்க வேண்டும்.

இணைப்பு: டிரோன் பதிவு நகல், ரிமோட் பைலட் சான்றிதழ் நகல், காப்பீட்டு நகல், ஏரிக்கரையில் கேட்கும் இடத்தைக் குறித்த கை வரைபடம்.

இடம்: சேலம்
நாள்: திங்கட்கிழமை, மக்கள் குறைதீர்க்கும் கூட்டம்

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)