பேனை

மாஸ்டர்,

பள்ளிக்கூடத்துக்கு ஐம்பது வயது என்று வாசலில் கல் நட்டுவிட்டோம். 'தோற்றம் 1976' என்று அதில் பொறித்திருக்கிறது. அந்த வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் நான்தான். வேறு யாராவது சொல்லி உங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

தலைமன்னாரில் கப்பல் ஏறியது, மண்டபம் முகாம், குடும்ப அட்டையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது, இவற்றையெல்லாம் உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது? இந்தியாவும் இலங்கையும் போட்ட 1964 ஒப்பந்தம், இலங்கைத் தோட்டத் தமிழரில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியாவின் பங்கு என்று எழுதி வைத்தது. அந்தப் பங்கில் ஒரு துளியாக நாம் கூடலூர் மலைக்கு வந்தோம். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்தவர்கள் தேயிலை இருக்கும் மலையைத் தேடி வந்தார்கள், அவ்வளவுதான். ஊர் என்று அப்போது ஒன்றும் இல்லை. புதரை வெட்டினோம், குடிசை போட்டோம், குடிசைகளுக்கு நடுவே நீங்கள் ஒரு கொட்டகை போட்டீர்கள். அதன் பிறகுதான் அது ஊர் ஆனது.

அந்தக் கொட்டகை எந்த இடத்தில் இருந்தது என்று இங்கே எழுதமாட்டேன். 17-ஆம் பிரிவு நிலம் என்றால் என்னவென்று தெரிந்தவர்களுக்குக் காரணம் விளங்கும். நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜன்ம (பரம்பரை உரிமை) நிலங்களுக்காக 1969-இல் வந்த சட்டத்தின் பிரிவு அது. நம்மவர்களில் பலருக்கு இன்னும் பட்டா வரவில்லை. இதை யார் யாரோ படிப்பார்கள். நீங்கள் மட்டும் படித்தால் நடந்துபோகும் வழியைக்கூடச் சொல்லியிருப்பேன்.

கல்வெட்டுக்கு வாசகம் எழுத உட்கார்ந்தபோது எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. பள்ளித் துணை ஆய்வாளர் வந்த நாள்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஆடி மழை. பாதையெல்லாம் சேறு. உள்ளே வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து காலைத் தூக்கினார். கணுக்காலில் இரண்டு அட்டை. நீங்கள் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு குனிந்தீர்கள். அவர் பொழுதுபோகாமல் பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"பாக்கெட்டில் என்ன?"

அன்றைக்கென்று நீங்கள் குத்திவிட்ட உங்கள் பேனா அது. கண்டியில் வாங்கியது என்று சொல்லியிருக்கிறீர்கள்.

"பேனை."

அவர் சிரித்தார். "தலையில்தான் பேன் இருக்கும். நீ பாக்கெட்டில் பேனை வளர்க்கிறாயா?" கொட்டகை முழுவதும் சிரித்தது. சிரித்த அத்தனை பேரும் வீட்டில் பேனை என்றுதான் சொன்னார்கள், மாஸ்டர். "பேனா என்று சொல். யார் இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

நான் விரலை நீட்டினேன். கீழே, அவர் கால்மாட்டில் இருந்த உங்களை நோக்கி. நீங்கள் நிமிரவில்லை. இரண்டாவது அட்டை விழும்வரை சுண்ணாம்பு தடவிக்கொண்டே இருந்தீர்கள்.

பத்து வயதுப் பையன் வேறு என்ன செய்வான் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். அங்கீகாரத்துக்கும் அந்த விரலுக்கும் சம்பந்தமில்லை என்பதும் தெரியும். பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும் என்பது விதி. உங்கள் இலங்கைச் சான்றிதழ் அதற்கு உதவவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாலும் அதே உத்தரவுதான் வந்திருக்கும். ஆனாலும் நீட்டினேன்.

உத்தரவு வந்த பிறகு நடந்த ஊர்க் கூட்டத்தைப் பற்றி எழுதப் போவதில்லை. அன்று பேசியவர்களின் பிள்ளைகளோடுதான் நான் தினமும் தேநீர் குடிக்கிறேன். என் அப்பாவும் பேசினார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அரசாங்கப் பள்ளிக்கூடம் கிடைத்தால் நாமும் இந்த நாட்டு மனிதர்கள் ஆகிவிடுவோம் என்று அவர் நம்பினார். அங்கே கள்ளத்தோணி என்று கேட்டவர், இங்கே சிலோன்காரன் என்று கேட்டவர். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நீங்கள் சொல்லலாம்.

ஆனால் நீங்கள் செய்தது மட்டும் சரியா? ஒரு வார்த்தை சொல்லாமல் ஞாயிற்றுக்கிழமை இரவோடு போய்விட்டீர்கள். திங்கள் காலை நாங்கள், தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்கு நிற்பதுபோல், வரிசையாக நின்றோம். பெயர் கூப்பிட ஆள் இல்லை. புதிய ஆசிரியர் வர இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த ஒரு வாரமும் நின்றோம். உங்களுக்குக் கோபம் ஊர்மேல், தண்டனை எங்களுக்கு.

போகும்போது வருகைப் பதிவேட்டையும் எடுத்துக்கொண்டு போனீர்கள். மூன்று வருடம் யார் யார் படித்தோம் என்பதற்கு இருந்த ஒரே காகிதம். வந்த ஆசிரியர் எங்களை வரிசையாக நிறுத்தி, ஆளைப் பார்த்துப் பிறந்த தேதி போட்டார். எங்களில் பாதிப் பேருக்கு ஜூன் மாதம்தான் பிறந்தநாள். இன்று '1973 என்று போடலாமே' என்று நான் கேட்டதும், 'சான்று இருக்கிறதா?' என்றார்கள். சான்று உங்கள் பெட்டியில் இருக்கிறது. கோபத்தில் அப்படியே 1976 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எழுதியபோது மனம் நிறைந்துதான் இருந்தது. அன்று இரவே அது போய்விட்டது.

பள்ளியில் இப்போது பதினோரு பிள்ளைகள். காலையில் உணவும் போடுகிறார்கள், சூடாக, நன்றாகவே இருக்கிறது. என் பேரன் அவர்களில் ஒருவன் இல்லை. வேனில் ஏறிக் கீழே போகிறான். இதையும் நீங்கள் வேறு யார் வாயிலும் கேட்க வேண்டாம்.

கல்லில் அடிவரியைக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். குழுவில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், நான் கண்டுகொள்ளவில்லை. கல்வெட்டுக்காரர் எழுத்துக் கணக்கில் கூலி கேட்கிறார், அதை நான் கொடுத்துக்கொள்கிறேன். உங்கள் பெயரை எழுதிக் கொடுத்ததும் அவர் இனிஷியல் கேட்டார். ஊரில் வயதானவர்கள் எல்லோரையும் விசாரித்துவிட்டேன். எல்லோரும் மாஸ்டர், மாஸ்டர் என்றுதான் சொல்கிறார்கள்; உங்கள் அப்பா பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. அதை மட்டும் பேத்தியிடம் சொல்லி எழுதி அனுப்பச் சொல்லுங்கள். கல்வெட்டுக்காரர் அடுத்த வாரம் பந்தலூர் வருகிறார்.