பூவா தலையா

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. திட்டுவதையெல்லாம் திட்டிக்கொள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். போன வாரம் கோமதி வந்திருந்தாள். பழைய கதைகளை மறுபடி எடுத்தாள், சிரித்து மாளவில்லை. சரி, எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டாம் வகுப்புக்கு நிகழ்தகவு நடத்துகிறேன். இரண்டு காசைச் சேர்த்துச் சுண்டினால் ஒன்று பூவும் ஒன்று தலையுமாக விழ என்ன வாய்ப்பு என்று கேட்டிருந்தேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் 1/3 என்று எழுதியிருந்தாள். தப்புப் போட்டு, பக்கத்தில் 1/2 என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். நோட்டை வாங்கியவள் நகரவில்லை. "ரெண்டும் பூ, ரெண்டும் தலை, இல்லைன்னா கலந்து விழும். மூணுதானே மிஸ் இருக்கு?" மணி அடித்துவிட்டது.

வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்விதான். அவள் எண்ணிப் பார்த்திருக்கிறாள், வசந்தி. எண்ணாமல் சூத்திரத்தைப் போட்டவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, எண்ணிய ஒருத்திக்குத் தப்புப் போட்டிருக்கிறேன்.

மறுநாள் பளபளப்பான காசு ஒன்று, கறுத்துப்போன காசு ஒன்று எடுத்துப் போனேன். என்னென்ன விழலாம் என்று அவளையே பலகையில் எழுதச் சொன்னேன். புதுசு பூ, பழசு தலை என்று எழுதினாள். அடுத்த வரியில் புதுசு தலை, பழசு பூ. சாக்பீஸ் அப்படியே நின்றது. "நாலு இருக்கு மிஸ்." நான் மூச்சு விடுவதற்குள் அடுத்த கேள்வி: "ரெண்டும் ஒரே மாதிரி காசா இருந்தா மூணுதானே?"

இதைவிட நல்ல கேள்வி எந்தப் பயிற்சியிலும் இல்லை. நான் பதில் சொல்லவில்லை. ஒரே மாதிரி காசுகளை எல்லோருக்கும் இரண்டிரண்டாகக் கொடுத்தேன். 28 பேர், ஆளுக்குப் பத்து முறை, மொத்தம் 280. அவள் கணக்கு சரியென்றால் கலந்து விழுவது 93 பக்கத்தில் வரவேண்டும். வந்தது 143. நம் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாவிட்டாலும் அவை இரண்டு காசுதான் என்று அவளே சொன்னாள்.

அப்புறம் தாலம்பேர் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞரின் கதையைச் சொன்னேன். 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில், இரண்டு முறை சுண்டினால் ஒரு தலையாவது விழும் வாய்ப்பு 2/3 என்று எழுதினார். முதலில் தலை விழுந்தால் ஆட்டம் முடிந்தது, ஆகவே மூன்றே வகை (முதலிலேயே தலை; பூவுக்குப் பிறகு தலை; இரண்டும் பூ) என்பது அவர் வாதம். அந்த மூன்றும் சம வாய்ப்புள்ளவை அல்ல. நாலாகப் பிரித்து எண்ணினால் 3/4. அவ்வளவு பெரிய கணித மேதை சறுக்கிய இடத்தில்தான் தானும் சறுக்கினோம் என்று தெரிந்ததும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. முதல்நாள் போட்ட தப்பை எல்லோர் முன்னாலும் அடித்தேன். விடை தப்புதான், யோசனைக்கு மதிப்பெண் உண்டு.

உன் மகன் ஏழாவதுதானே? மூன்று பகடை உருட்டினால் கூட்டுத்தொகை 9 வர வாய்ப்பு அதிகமா, 10 வர அதிகமா என்று கேள். இரண்டுக்கும் ஆறாறு சேர்க்கைதான் தோன்றும். கலிலியோவிடமே வந்த கேள்வி இது. மொத்தம் 216 விளைவுகள், அவனே எழுதி எண்ணட்டும். 9-க்கு 25-உம் 10-க்கு 27-உம் வரும். பொறுமை இல்லாமல் நீ முன்னாடியே சொல்லிவிடுவாய், அந்தப் பழக்கம் எனக்குத் தெரியும். வாயைத் திறக்காதேடி.

அன்புடன்,
ராஜி