இன்ஜினை இறக்காதே, பொறு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. ரிட்டையர் ஆனதும் கொடைக்கானலுக்கே போய்விடுவேன் என்று திண்டுக்கல்லில் இருந்தபோதெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாய். சொன்னபடி போயும் விட்டாய், ரொம்ப சந்தோஷம். இங்கே கோத்தகிரியில் எல்லாரும் சௌக்கியம். பெரியவளுக்கு ஆண் குழந்தை பிறந்திருக்கிறது; தாயும் பிள்ளையும் நலம். மற்ற கதையெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். முதலில் உன் ஜீப். நீ அவசரப்பட்டு இன்ஜினை வண்டியிலிருந்து கழற்றி இறக்கக் கொடுத்துவிடுவாயோ என்றுதான் எனக்குக் கவலை.

நீ எழுதியபடி, காலையில் செல்ஃப் மோட்டார் இன்ஜினை நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் வெள்ளைப் புகை, கண் எரிகிற டீசல் நெடி. ஒருவழியாக இன்ஜின் பிடித்ததும் உள்ளே கடகடவென்று சத்தம். சூடு ஏறியதும் புகையும் போகிறது, சத்தமும் போகிறது, பிறகு நாள் முழுக்க ஒரு குறையும் இல்லை. இதைக் கேட்டுவிட்டு உங்கள் ஊர் மெக்கானிக் பேரிங் போய்விட்டது என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிஸ்டன் தண்டு கிராங்க்கோடு சேரும் இடத்து பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால் சூடு ஏற ஏற ஆயில் இளகி, சத்தம் கூடும். மேட்டில் லோடு பிடிக்கும்போது இன்னும் அடிக்கும். ஆயில் பிரஷரும் இறங்கும். உனக்கு நடப்பதோ நேர் எதிர்.

புகையும் சத்தமும் சேர்ந்து வந்து சேர்ந்து போகின்றன என்று நீயே எழுதியிருக்கிறாய். அதுதான் துப்பு. உன் மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பில் இருப்பது பெஜோ கம்பெனியின் எக்ஸ்டிபி 4.90 டீசல் இன்ஜின், நாலு சிலிண்டர், சிலிண்டர் விட்டம் 90 மில்லிமீட்டர், 2112 சிசி. டீசல் நேராகப் பிஸ்டன் தலையில் விழுவதில்லை. சிலிண்டருக்கு மேல் மூடியாக இருக்கும் ஹெட்டில் உள்ள சின்ன அறைக்குள் போய்த்தான் பற்றுகிறது. அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால், அமுக்கிய காற்றின் சூட்டை அதுவே உறிஞ்சிவிடும். அதற்காகத்தான் ஹீட்டர் பிளக்; சிலிண்டருக்கு ஒன்றாக, ஸ்டார்ட் செய்யுமுன் கரண்டில் அந்த அறையைச் சூடாக்குகிறது. பிளக் செத்து, சூடு போதாத சிலிண்டரில் டீசல் உடனே பற்றாமல் கொஞ்சம் சேர்ந்து, பிறகு மொத்தமாக வெடிக்கும். நீ கேட்கிற கடகடச் சத்தம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். பற்றாமலே வெளியேறுகிற டீசல்தான் வெள்ளைப் புகை.

திண்டுக்கல்லில் இது தெரியவில்லையே என்று கேட்பாய். அங்கே காலையிலும் காற்றுக்குச் சூடு இருக்கிறது. இரண்டு பிளக் செத்திருந்தாலும் வண்டி எடுத்துவிடும். கொடைக்கானல் 2100 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அமுக்குவதற்கு காற்றும் குறைவு, இருக்கிற காற்றும் சில்லென்று. வண்டியை மலை கெடுக்கவில்லை செல்வம், ஏற்கெனவே இருந்ததைக் காட்டிக்கொடுத்திருக்கிறது.

பிளக்கைப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. நான்கையும் இணைக்கும் பட்டையைக் கழற்றிவிடு. ஒரு 12 வோல்ட் பல்பின் ஒரு வயரை பேட்டரி பிளஸ்ஸில் கொடுத்து, மற்றதை ஒவ்வொரு பிளக்கின் நுனியிலும் தொடு. பல்பு எரிந்தால் உள்ளே கம்பி அறாமல் இருக்கிறது. எரியாதது செத்தது. நான்கும் நன்றாக இருந்தால், பட்டையை மாட்டிவிட்டு, சாவியைத் திருப்பும்போது அங்கே கரண்ட் வருகிறதா என்று பார். பிளக்குக்குக் கரண்டை விடும் ஸ்விட்சான ரிலே கரியேறிப் போயிருந்தாலும் இதே தொல்லைதான்.

செத்த பிளக்கைக் கழற்றும்போது மட்டும் பொறுமை வேண்டும். வருஷக்கணக்கில் கார்பன் பிடித்து இறுகியிருக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது, மரையில் எண்ணெய் விட்டு ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக முன்னும் பின்னும் திருப்பி எடுக்கச் சொல். ஹெட்டுக்குள் ஒடிந்துவிட்டால் சின்ன செலவு பெரிய செலவாகிவிடும். முரட்டுக் கை இதற்கு ஆகாது.

எந்த சிலிண்டர் மக்கர் செய்கிறது என்று தெரிய வேண்டுமானால், காலையில் ஸ்டார்ட் ஆனவுடன், சத்தம் இருக்கும்போதே, டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாக அரைச் சுற்று தளர்த்திவிட்டு உடனே இறுக்கச் சொல். தளர்த்தும்போது இன்ஜின் ஓட்டம் மாறாவிட்டால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை. சத்தம் அடங்கினால் அங்கேதான் அடிக்கிறது. நட்டின் மேல் துணி போட்டே தளர்த்த வேண்டும். பிரஷரில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அது விளையாட்டில்லை, நீ கிட்டப் போகாதே.

ஒருவேளை செல்ஃப் சுற்றும்போது புகையே வராமல் இருந்தால் கதை வேறு. அப்போது டீசலே பம்புக்கு வரவில்லை. ராத்திரியில் பைப்பில் எங்கேயோ ஏர் புகுந்து, டீசல் டேங்குக்குத் திரும்பியிருக்கிறது. டேங்கிலிருந்து வரும் வழியில் டீசல் உறிஞ்சப்படுவதால் அங்கே ஒழுகாது, காற்றுதான் உள்ளே போகும். வெளியே சொட்டு இல்லையே என்று ஏமாந்துவிடாதே. ஸ்டார்ட் செய்யுமுன் ஃபில்டர் பக்கம் இருக்கும் ஹேண்ட் பம்பைக் கையால் அடித்துப் பார். அப்படி அடித்ததும் எடுத்துவிட்டால் ஹோஸையும் செம்பு வாஷர்களையும் மாற்றினால் போதும்.

பிளக்கெல்லாம் சரி, கரண்டும் வருகிறது, ஆனாலும் இதே புகை, இதே சத்தம் என்றால் அப்போது கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டரில் காற்று அமுங்கும் அழுத்தத்தை, சந்தேகப்படலாம். அதற்கும் இன்ஜினை இறக்க வேண்டியதில்லை. கேஜ் வைத்து அளந்தால் போதும். இன்ஜின் சூடாக ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்து பார்: புகை குபுகுபுவென்று வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

பெல்ட் கீச்சிடுகிறது என்று எழுதியிருந்தாயே, அதுவும் பெரும்பாலும் இதே நோய்தான். பிளக்கும் செல்ஃபும் பேட்டரியை உறிஞ்சிவிட, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் அதை நிரப்பப் பாடுபடுகிறது. தளர்ந்த பெல்ட் அந்தப் பாரத்தில் வழுக்கிக் கத்துகிறது. பேட்டரி கொஞ்சம் நிரம்பியதும் அடங்கிவிடும். பெல்ட்டை இறுக்கிக்கொள். கிளட்ச் விடும்போது ‘டங்’ என்று வரும் சத்தம், சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் இணைப்பில் உள்ள கிராஸ் தேய்ந்ததால். மாற்றிவிடு, அதற்கு யோசனையே வேண்டாம்.

சரி, இன்னொன்று. ஸ்டார்ட் ஆக, சட்டென்று தீப்பிடிக்கும் ஈத்தர் ஸ்ப்ரேயைக் காற்று போகும் வழியில் அடிக்க யாரோ சொன்னார்கள் என்றாய். ஹீட்டர் பிளக் உள்ள இன்ஜினில் அதை அடிக்கவே கூடாது. சூடான பிளக்கில் பட்டு நேரம் தவறி வெடித்தால் பிஸ்டனும் ரிங்கும் போய்விடும். இறக்கத்தில் உருட்டி செகண்ட் கியரில் எடுப்பதும் வேண்டாம் என்பேன். வண்டி கிளம்பிவிடும், ஆனால் கோளாறு அப்படியே மறைந்து உட்கார்ந்திருக்கும்.

இந்த வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கேட்டிருப்பதுதான் எனக்கு வருத்தம். இன்னும் பாகங்கள் கிடைக்கின்றன. கம்ப்யூட்டர் இல்லாமல் ஒரு ஸ்பேனர் செட்டோடு சரிசெய்ய முடிகிற இன்ஜின் இது. அப்படிப்பட்ட வண்டி இனி உனக்கு வாய்க்காது.

பொங்கல் முடிந்த வாரம் நாங்கள் இரண்டு பேரும் அங்கே வருகிறோம். தங்கச்சியிடம் சொல்லிவை. அதற்குள் பல்பு டெஸ்ட் மட்டும் செய்து, எத்தனையாவது பிளக் எரியவில்லை என்று எழுது. கோவையில் வாங்கிக் கையோடு கொண்டுவருகிறேன். அதுவரை இன்ஜினில் யாரையும் ஸ்பேனர் வைக்க விடாதே.

அன்புடன்,
பாலு