பால்ரூம் படங்களில் விடுபட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்கத்திய பாணியில் ஜோடியாக ஆடும் பால்ரூம் நடனத்தைக் காட்டும் படங்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். உடை, இசை, காதல் எல்லாவற்றையும் ரசித்து எழுதியிருந்த கட்டுரையாளர், அந்தப் படங்களில் எந்த இனத்தவர் ஆடுகிறார்கள், எந்த இனத்தவரைக் காட்டவே இல்லை என்பதைத் தொடாமல் விட்டுவிட்டார். இவ்வகைப் படங்களில் பேசியே ஆகவேண்டிய விஷயம் அது என்பதால்தான் இக்கடிதம்.

போட்டி மேடைகளில் 'லத்தீன்' பிரிவில் ஆடப்படும் ஐந்து நடனங்களில், ஸ்பானியப் பாணியிலான பாசோ டோப்ளேயைத் தவிர்த்துவிட்டுப் பாருங்கள். சாம்பா பிரேசிலுக்கு அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழி வந்தது. ரும்பாவும் சா-சா-சாவும் கியூபாவின் ஆப்பிரிக்கத் தாளங்களில் பிறந்தவை. ஜைவ், நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின இளைஞர்கள் ஆடிய ஆட்டத்தின் வாரிசு. திரைப்படங்களை மட்டும் பார்க்கிறவருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. பால்ரூம் என்பது வெள்ளையரின் சொத்து, மற்றவர்கள் பிறகு வந்து சேர்ந்தவர்கள் என்றே அவர் நினைத்துக்கொள்வார்.

இது தற்செயலாக நேர்ந்ததல்ல. முதல் உலகப் போருக்கு முன் அமெரிக்காவையே ஆடவைத்த நடன ஜோடியான வெர்னன், ஐரீன் கேசில் தம்பதிக்கு இசையமைத்து வாசித்தவர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப் என்ற கறுப்பின இசைக்குழுத் தலைவர். அவர் இல்லாமல் அவர்களுடைய புகழ் இல்லை. அந்தத் தம்பதியின் கதையை ஹாலிவுட் 1939இல் ஃப்ரெட் அஸ்டேரையும் ஜிஞ்சர் ரோஜர்ஸையும் வைத்துப் படமாக்கியபோது யூரோப்புக்கு அதில் இடம் கிடைக்கவில்லை. அவர்கள் வீட்டில் பணிபுரிந்த கறுப்பினத்தவரின் பாத்திரத்தைக்கூட வால்டர் பிரென்னன் என்ற வெள்ளை நடிகருக்குக் கொடுத்தார்கள். ஐரீன் கேசிலே ஆட்சேபித்தும் பயனில்லை.

கறுப்பினக் கலைஞர்கள் ஆடும் காட்சிகளைக் கதையோடு ஒட்டாமல் தனியாக எடுப்பது அக்கால ஹாலிவுட்டின் வழக்கம். நிறவெறி மிகுந்த அமெரிக்கத் தென் மாநிலங்களில் திரையிடும்போது கத்தரித்துவிட அது வசதியாக இருந்தது. 1941இல் வந்த 'ஹெல்ஸாபாப்பின்' படத்தில் ஹார்லெமின் நடனக் குழுவினர் லிண்டி ஹாப் என்ற துள்ளல் ஜோடி நடனத்தை ஆடும் காட்சியை ஒருமுறை பாருங்கள். ஜோடி ஜோடியாகப் பாய்ந்து வருகிறார்கள். பெண்களைத் தோளுக்கு மேல் தூக்கிச் சுழற்றி இறக்குகிறார்கள். அவ்வளவு வேகத்திலும் ஒரு தாளம் பிசகவில்லை. அந்த மகா கலைஞர்களுக்கு அணிவித்திருந்த உடைகளோ சமையல்காரர், பணிப்பெண், எடுபிடி ஆகியோருடையவை. ஆட்டம் முடிந்ததும் கதை அவர்களை மறந்துவிடுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அதெல்லாம் பழைய காலம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. 'டர்ட்டி டான்சிங்' (1987) படத்தில் ஹோட்டல் இசைக்குழுத் தலைவராக வருபவர் ஹனி கோல்ஸ், காலணியால் தரையில் தட்டித் தாளமிடும் டேப் நடனத்தின் மேதைகளில் ஒருவர். கியூபாவின் மாம்போ நடனத்தைக் கொண்டாடும் அந்தப் படத்தில் அவருக்குக் கிடைப்பது சில வசனங்கள்தான். 'டேக் தி லீட்' (2006) வேறு வகை. நியூயார்க் பள்ளிப் பிள்ளைகளுக்கு பால்ரூம் கற்றுக்கொடுத்த பியர் டூலேன் என்ற ஆசிரியரின் கதை அது. அவர் உண்மையில் 1944இல் பாலஸ்தீனத்தின் யாஃபா நகரில் பாலஸ்தீனத் தாய்க்கும் அயர்லாந்துத் தந்தைக்கும் பிறந்தவர். 1948இல் ஊரைவிட்டு வெளியேறிய குடும்பம் அவருடையது. அவர் பாடம் நடத்தியது பத்துப் பதினொரு வயதுக் குழந்தைகளுக்கு. படத்தில் அவர்கள் தண்டனை வகுப்பில் அடைக்கப்பட்ட, பெரும்பாலும் கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பதின்வயதினர் ஆகிவிட்டார்கள். முரட்டுப் பிள்ளைகளுக்கு ஐரோப்பிய நாகரிகம் கற்றுத்தர ஒரு கனவான் வருகிறார் என்ற பழைய கதைக்கு அதுதானே தோதாக இருக்கும்!

கட்டுரையாளர் மெச்சிய 'ஸ்ட்ரிக்ட்லி பால்ரூம்' (1992) எனக்கும் பிடித்த படம். ஆஸ்திரேலியாவில் ரயில் பாதையோரம் வாழும் ஸ்பானியக் குடும்பத்தின் பாட்டி, தாளம் எங்கே இருக்கிறது என்று நாயகனின் மார்பில் தட்டிக் காட்டும் இடம் அருமையானது. ஆனால் அங்கும் வந்தேறிகளின் கலை, வெள்ளை இளைஞன் ஒருவன் தன் போட்டி வாழ்க்கைக்குப் புத்துயிர் தேடிக்கொள்ளத்தான் பயன்படுகிறது.

இப்படித்தான் எடுக்க முடியும் என்பதில்லை. 'மேட் ஹாட் பால்ரூம்' (2005) ஆவணப்படத்தில் நியூயார்க்கின் வாஷிங்டன் ஹைட்ஸ் பகுதியில் வாழும் டொமினிகன் வம்சாவளிக் குழந்தைகள், தங்கள் பூர்விக நாட்டு நடனமான மெரெங்கே ஆடுவதைப் பாருங்கள். அது அவர்கள் வீட்டு விசேஷங்களில் ஆடும் ஆட்டம். இடுப்பை எப்படி அசைப்பது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இறுதிப் போட்டியில் கோப்பையை வெல்வதும் அவர்கள்தான்.

கட்டுரையின் அடுத்த பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். ஜேம்ஸ் ரீஸ் யூரோப்புக்கும் லிண்டி ஹாப்புக்குப் பேர்போன ஹார்லெமின் சவாய் நடன அரங்கில் ஆடியவர்களுக்கும் அதில் ஒரு பக்கமாவது ஒதுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வாசகி,
தஞ்சாவூர்