ஒன்றாம் நம்பர் செத்த பிறகு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, இப்போது பேப்பரைத் தானே எடுத்துப் படிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குப் பரீட்சை முடிந்து லீவு விட்டாகிவிட்டது, வீடு ரெண்டுபடுகிறது.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு என் ப்ரோகிராமில் வந்த ஒரு பக்தான் காரணம். அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? 2015-ல் லினக்ஸ் டெவலப்பர் இயன் கென்ட் கெர்னலுக்கு அனுப்பிய திருத்தப் பேட்ச் வரிசையை வைத்துக்கொண்டு நாம் ஒரு ராத்திரி முழுக்க வாதாடினோமே, நினைவிருக்கிறதா? லினக்ஸின் மையமான கெர்னல் தன் சார்பில் ஒரு ப்ரோகிராமை ஓட்டும்போது, அதைக் கேட்ட கன்டெய்னரின் (மற்றதிலிருந்து பிரித்து அடைத்த பெட்டியின்) நேம்ஸ்பேஸுக்குள்ளேயே, அதாவது அதற்கு மட்டும் தெரியும் ப்ராசஸ், ஃபைல் உலகத்துக்குள்ளேயே, ஓட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பேட்சுகளின் நோக்கம். "உள்ளே இருக்கிற ஒருத்தனுக்குப் பிள்ளையாகப் பிறந்தால்தான் அது உள்ளே இருக்கும்" என்று நீ சொன்னாய். "வேறு நேம்ஸ்பேஸில் சேரும் செட்என்எஸ் அழைப்பைப் போட்டால் முடிந்தது, இதற்கு ஏன் இத்தனை பாடு?" என்று நான் அடித்துப் பேசினேன். நீ சொன்னதுதான் சரி. இந்த மூன்று வாரத்தில் அதை வரி வரியாகப் பார்த்துவிட்டேன்.

எங்கள் சர்வர்களில் நூற்றுக்கணக்கில் கன்டெய்னர்கள் ஓடுகின்றன. உள்ளே ஏதாவது ப்ராசஸ் க்ராஷ் ஆனால் கெர்னல் கோர் பேட்டர்ன் என்ற செட்டிங்கைப் பார்க்கும். அது பைப் குறியில் தொடங்கினால், அங்கே சொல்லியிருக்கும் ப்ரோகிராமைக் கிளப்பி, க்ராஷ் ஆன ப்ராசஸின் மெமரி நகலான கோர் டம்ப்பை ஒரு பைப் வழியே அதன் ஸ்டாண்டர்ட் இன்புட்டில் ஊற்றும். அந்த ப்ரோகிராம் க்ராஷ் ஆனவனின் பிள்ளை இல்லை. கெர்னலின் பின்னணி வேலைகளைச் செய்யும் வொர்க்க்யூ த்ரெட் ஒன்றிலிருந்து பிறக்கிறது. முன்பு அதற்கென்றே கேஹெல்ப்பர் என்று தனி த்ரெட் இருந்தது, 2015-ல் அதை எடுத்துவிட்டுப் பொது க்யூவில் சேர்த்தார்கள். எப்படியானாலும் அது பிறக்கும் இடம் கன்டெய்னர்களைத் தாங்கும் ஹோஸ்ட் மெஷினின் நேம்ஸ்பேஸ், அதுவும் எல்லா அதிகாரமும் உள்ள முழு ரூட்டாக. மாட்யூல் ஏற்ற மாட்ப்ரோபைக் கூப்பிடுவதும், கீ வேண்டுமென்று ரிக்வெஸ்ட்-கீயைக் கூப்பிடுவதும் இதே வழியில்தான்.

அப்படி டம்ப்பை வாங்க நான் எழுதிய ப்ரோகிராம், அதாவது ஹேண்ட்லர், சின்னது. க்ராஷ் ஆன ப்ராசஸின் நேம்ஸ்பேஸ் ஃபைல்களை முதலிலேயே திறந்து வைத்துக்கொள்ளும். டம்ப் முழுவதையும் படித்து ஹோஸ்டில் சேமிக்கும். பிறகு மவுண்ட் (ஃபைல்கள்), பிஐடி (ப்ராசஸ் எண்கள்) இரண்டு நேம்ஸ்பேஸுக்கும் செட்என்எஸ் போட்டு, ஃபோர்க் செய்து, அதாவது ஒரு பிள்ளை ப்ராசஸைப் பெற்று, அந்தப் பிள்ளையை வைத்து உள்ளேயிருந்து கொஞ்சம் தகவல் திரட்டும். அந்த ஃபோர்க் இல்லாமல் வேலை நடக்காது, ஏனென்றால் பிஐடி நேம்ஸ்பேஸுக்கு செட்என்எஸ் போட்டால் போட்டவன் உள்ளே போவதில்லை. அவன் பெறும் பிள்ளைகள்தான் போகும்.

பல நாள் ஒழுங்காக ஓடியது. ஒரு நாள் லாகில் ஒரு வரி: ஃபோர்க் தோல்வி, மெமரி ஒதுக்க முடியவில்லை. மெஷினில் 64 ஜிபி, பாதிக்கு மேல் காலி. சிக்ரூப், அதாவது ப்ராசஸ் குழுவுக்குப் போட்ட மெமரி வரம்பைப் பார்த்தேன், தாராளமாக இருந்தது. ப்ராசஸ் எண்ணிக்கை வரம்பைப் பார்த்தேன், தொடவே இல்லை. இருப்பதைவிட அதிக மெமரியைத் தருவதாக ஒப்புக்கொள்ளும் ஓவர்கமிட் செட்டிங்கை மாற்றிப் பார்த்தேன், அதே வரி. கடைசியில் கோர் பேட்டர்னில் ஒரு ஷெல் ஸ்கிரிப்டைப் போட்டு, அதற்குள்ளிருந்து, கெர்னலுக்குப் போகும் அழைப்புகளைக் காட்டும் எஸ்ட்ரேஸோடு ஹேண்ட்லரை ஓட்டினேன். செட்என்எஸ் இரண்டும் வெற்றி. ஃபோர்க்குக்கு அடியில் ஓடும் க்ளோன் அழைப்பு மட்டும் அதே பிழையோடு திரும்பியது.

மூன்றாம் நாள் லாகுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. கன்டெய்னருக்குள் 23, 41 என்று ஏதாவது ஒரு வொர்க்கர் செத்தால் எல்லாம் சரியாக நடக்கிறது. செத்தது ஒன்றாம் நம்பராக, அதாவது கன்டெய்னரின் முதல் ப்ராசஸாக, இருந்தால் மட்டும் இந்தப் பிழை. கையேட்டின் மேன் பக்கத்தை எடுத்தால் தெளிவாகவே எழுதியிருக்கிறது: ஒரு பிஐடி நேம்ஸ்பேஸின் இனிட், அதாவது அதன் ஒன்றாம் நம்பர், செத்துவிட்டால், அதற்குள் புதிதாக ஃபோர்க் செய்ய முடியாது, வரும் பிழை ஈநோமெம், அதாவது மெமரி இல்லை என்பது. நேம்ஸ்பேஸ் ஃபைலை நான் பிடித்து வைத்திருந்ததால் செட்என்எஸ் நடந்தது. ஆனால் டம்ப்பைப் படித்து முடித்ததும் ஒன்றாம் நம்பர் போய்ச் சேர்ந்துவிட்டது. வீடு நிற்கிறது, புதிதாக யாரும் குடியேற முடியாது.

சரி, டம்ப்பைப் படிக்கும் முன்னாலேயே ஃபோர்க் செய்துவிடலாம் என்று மாற்றினேன். இப்போது பிள்ளை பிறந்தது, ஆனால் பாதி வேலையில், கொல்லும் சிக்னலான 9 வாங்கிச் செத்தது. இனிட் சாகும்போது அந்த நேம்ஸ்பேஸில் உள்ள எல்லா ப்ராசஸையும் கெர்னல் கொன்றுவிடும். வெளியிலிருந்து நான் அனுப்பிய பிள்ளைக்கும் அதே சட்டம்தான்.

தீர்வு கோர் பைப் லிமிட் என்ற கெர்னல் செட்டிங்கில் இருந்தது. அதன் டீஃபால்ட் 0. அப்படி இருந்தால், டம்ப்பை ஊற்றி முடித்ததும் க்ராஷ் ஆன ப்ராசஸ் யாருக்காகவும் காத்திருக்காது. 0 இல்லாத எண்ணைப் போட்டால், ஹேண்ட்லர் பைப்பை மூடும் வரை கெர்னல் அந்த ப்ராசஸைப் பிடித்து நிறுத்தி வைக்கும். 8 என்று போட்டேன். உள்ளே போன பிள்ளை வேலையை முடித்துத் திரும்பும் வரை பைப்பை மூடாமல் இருக்கும்படி ஹேண்ட்லரையும் திருத்தினேன். அன்றிலிருந்து ஒன்று கூடத் தவறவில்லை. லினக்ஸில் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி தன் கோர்டம்ப் அமைப்பில் இதை 16 என்று வைத்திருப்பது ஏன் என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

நீயும் இப்படி ஒன்று எழுதினால் இன்னொன்றையும் கவனித்துக்கொள். கோர் பேட்டர்னில் சதவீதக் குறிக்குப் பிறகு சின்ன எழுத்து 'பி' போட்டால் கன்டெய்னருக்குள் தெரியும் எண்தான் வரும். முதல் ப்ராசஸுக்கு எல்லாக் கன்டெய்னரிலும் அது 1 என்பதால் டம்ப்புகள் ஒன்றன் மேல் ஒன்று எழுதிக்கொள்ளும். பெரிய எழுத்து 'பி' போட்டால்தான் ஹோஸ்டின் எண் கிடைக்கும்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு உன் பக்கத்து நியாயம் எனக்கு எல்லா இடத்திலும் தெரிகிறது. கெர்னல் த்ரெட் ஒன்று கன்டெய்னருக்குள் நுழைய வேண்டுமென்றால் செட்என்எஸ் லேசில் விடாது. ரூட் டைரக்டரி, நடப்பு டைரக்டரி ஆகியவற்றின் பதிவை மற்றவர்களோடு பகிர்ந்துகொண்டிருக்கும் த்ரெட்டை, மவுண்ட் நேம்ஸ்பேஸ், யூசர் நேம்ஸ்பேஸ் இரண்டுக்குள்ளும் சேர்க்காது. படிப்பது, எழுதுவது போன்ற வேலைகளைக் காத்திருக்காமல் கெர்னலிடம் ஒப்படைக்க உதவும் ஐஓ யூரிங்கில் இந்தக் கஷ்டத்தை முழுசாக அனுபவித்தார்கள். ஆரம்பத்தில் அதன் உதவியாளர்கள் கெர்னல் த்ரெட்கள். ஒவ்வொரு வேலைக்கும் கேட்டவனின் மெமரி, அடையாளம், ஃபைல்கள் என்று ஒவ்வொன்றாகக் கடன் வாங்கி உடுத்திக்கொள்ள வேண்டும். ஒன்றை மறந்தாலும் வேலை வேறு யாரோ பெயரில் நடந்துவிடும். 2021-ல் 5.12 கெர்னலில் அந்த முறையை விட்டுவிட்டு, கேட்ட ப்ராசஸின் த்ரெட்டாகவே உதவியாளரைப் பிறக்க வைத்தார்கள். நேம்ஸ்பேஸ், சிக்ரூப், வரம்புகள் எல்லாம் பிறப்பிலேயே சேர்ந்து வந்துவிடுகின்றன. 2023-ல் 6.4-ல், விர்ச்சுவல் மெஷின்களின் ஐஓவைக் கெர்னலில் கையாளும் வி-ஹோஸ்ட்டும் அதே வழிக்கு வந்தது. வந்த புதிதில் சிக்னல் கையாள்வதிலும் மெஷின் தூங்கப்போவதிலும் தடுமாறியது உண்மைதான். ஆனாலும் போன திசை சரி என்றே நினைக்கிறேன்.

வெளியே பிறந்து முழு ரூட்டாக ஓடும் உதவியாளர் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ரிலீஸ் ஏஜென்ட் ஒன்றே போதும். பழைய சிக்ரூப்பில் கடைசி ப்ராசஸ் வெளியேறியதும் கெர்னல் ஓட்டும் ப்ரோகிராம் அது. எந்த ப்ரோகிராமை ஓட்டுவது என்று குறிக்கும் ஃபைலில் எழுதுபவனுக்கு ஹோஸ்டில் அதிகாரம் இருக்கிறதா என்று கெர்னல் சரியாகச் சோதிக்கவில்லை. தன் சொந்த யூசர் நேம்ஸ்பேஸில் மட்டும் ரூட்டாக இருந்தவன்கூட அதில் எழுதி, தன் ப்ரோகிராமை ஹோஸ்டில் ஓட்ட வழி கிடைத்தது. 2022-ல் பாதுகாப்பு ஓட்டைகளின் பட்டியலில் சிவிஇ-2022-0492 என்று வெளியானது. அன்று எங்கள் சர்வர்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

உனக்குச் சந்தோஷமான செய்தி ஒன்று. 2025-ல் வந்த 6.16 கெர்னலில் கோர் பேட்டர்னை அட் குறியில் தொடங்கி, ப்ராசஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் யுனிக்ஸ் சாக்கெட் ஒன்றின் பாதையைக் கொடுக்கலாம். க்ராஷ் நடந்தால் கெர்னல் யாரையும் பிறப்பிக்காது. அந்த சாக்கெட்டில் இணைந்து டம்ப்பைக் கொடுக்கும். பின்னணியில் கேட்டுக்கொண்டிருக்கும் ப்ரோகிராமான டீமனை நாமே, நாம் கொடுக்க நினைக்கும் அளவு அதிகாரத்தோடு மட்டும் முன்கூட்டியே ஓட விட்டிருப்போம். க்ராஷ் ஆன ப்ராசஸை மட்டுமே சுட்டும் பிடியான பிஐடி எஃப்டியும் அந்த இணைப்பு வழியே எடுத்துக்கொள்ளலாம். எண்ணை வைத்துத் தேடி, அதற்குள் அந்த எண் வேறொருவனுக்குப் போய்விட்டதோ என்று பதற வேண்டியதில்லை.

எங்கள் சர்வர்கள் இன்னும் பழைய கெர்னலில்தான் ஓடுகின்றன. வீட்டு மெஷினில் மட்டும் 6.16 போட்டு, ஹேண்ட்லரை சாக்கெட்டுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒன்றாம் நம்பர் சாகும் சோதனையை இன்னும் ஓட்டவில்லை. எழுதிய ப்ரோகிராமை அடுத்த வாரம் அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் நேரம் ஒதுக்கிப் பார்த்து, எங்கே தப்பு என்று பழைய மாதிரி பச்சை மையில் குறித்து அனுப்பு.

உன்
பழைய அறைத்தோழன்