சுருதி ஏன் இறங்குகிறது?

அன்பு மகளுக்கு,

எஸ்தோனியாவின் தலைநகர் தாலினுக்குப் போய் எஸ்தோனிய பில்ஹார்மோனிக் சேம்பர் குவயர் என்ற சிறிய பாடகர் குழுவைக் கேட்கப்போவதாக எழுதியிருந்தாய். ஆர்கன் இல்லாமல் பாடினால் உங்கள் குவயரில் சுருதி இறங்கிவிடுகிறது, ஏன் என்றும் கேட்டிருந்தாய். அவர்களைக் கூர்ந்து கேட்டால் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

எஸ்தோனியர்கள் 1869 முதல் பாட்டு விழா நடத்துகிறவர்கள். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் கூடிப் பாடும்போது ஒருவர் பிசகினால் வெளியே தெரியாது. இசை நடத்துநர் தோனு கல்யுஸ்தே 1981-ல், சோவியத் காலத்தில், எல்லர்ஹைன் என்ற அமெச்சூர் குழுவிலிருந்து உருவாக்கிய இந்தக் குவயர் வேறு மாதிரி. முப்பது பேருக்கும் குறைவு. பாடுவதே அவர்கள் வேலை. ஒரு குரல் பிரிவுக்கு ஆறேழு பேர்தான் என்பதால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது.

எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பார்ட் இவர்களுக்கென்றே எழுதிய ‘கானோன் போகயானென்’ 1998-ல் ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தின் 750-ஆம் ஆண்டை ஒட்டி அரங்கேறியது. எண்பது நிமிடத்துக்கு மேல், வாத்தியமே இல்லாமல்! போவதற்கு முன் அதன் பதிவைக் கேட்டுவிடு. பார்ட்டின் முறையில் ஒரு குரல் படிப்படியாக ஏறி இறங்கும். பக்கத்துக் குரல் டி, எஃப், ஏ என்ற மூன்று சுரங்களை மட்டும் தொடும். இரண்டும் உரசும் இடத்தில் பயந்து ஒன்றை நோக்கி ஒன்று நகர்ந்தால் எல்லாம் கலங்கிப்போகும்.

அந்த எஃப்-ஐக் கவனி. அரைச் சுரத்தை, அதாவது பியானோவில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு உள்ள இடைவெளியை, 100 பங்காக்கினால், சுத்தமான மைனர் மூன்றாம் சுரம் (டி-க்கு மேல் வரும் இந்த எஃப்) பியானோவில் உள்ளதைவிட ஏறக்குறைய 16 பங்கு மேலே நிற்கும். மைனர் என்றாலே சோகம் என்று நினைத்து உங்கள் ஆட்கள் அதைத் தொங்கவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. இறங்கும் படிகளை அகலமாக வைப்பார்கள், ஏறும் படிகளைக் குறுக்கிவிடுவார்கள். ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்பப் பாடும்போது மூச்சு தளர, சுரமும் சேர்ந்து தளரும்.

முதலில் ‘ஊ’ என்ற உயிரொலியில் மட்டும், மெதுவாகப் பாடிப் பாருங்கள். பக்கத்துக்கு ஒருமுறை டியூனிங் ஃபோர்க்கால் (தட்டினால் ஒரே சுரத்தை ஒலிக்கும் இசைக்கவையால்) சரிபாருங்கள். கடைசியில் பார்த்தால் எங்கே நழுவியது என்றே தெரியாது. மூச்சை வரி முடிவில் எல்லாரும் சேர்ந்து எடுக்கக் கூடாது. பக்கத்தில் நிற்பவர் எடுக்காத நேரத்தில், நீண்ட உயிரொலியின் நடுவே எடுத்து, மெய்யெழுத்தைத் திரும்ப உச்சரிக்காமல் சத்தம் குறைத்து நுழைய வேண்டும். இது பழக வாரங்கள் ஆகும்.

இந்தக் குவயருக்கு விருதுகளும் உண்டு, இரண்டும் பார்ட்டின் இசைக்கு: பால் ஹில்லியர் நடத்திய ‘டா பாச்செம்’ பதிவுக்கு 2007-ல் கிராமி, ‘ஆதாமின் புலம்பல்’ பதிவுக்கு 2014-ல் மற்ற குழுக்களோடு சேர்ந்து இன்னொன்று. பல நடத்துநர்கள் மாறி, 2021-ல் கல்யுஸ்தேயே திரும்பி வந்துவிட்டார்.

முதல் வரிசையில் உட்காராதே, ஒரே குரல்தான் காதில் விழும். நடுவில் உட்கார்ந்து, யார் எப்போது மூச்செடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பார். முடிந்ததா என்று எழுது.

அன்புடன்,
அப்பா