முட்டிக்குப் போன இடத்தில்

ரங்கூன்

அன்புள்ள மரகதம்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மோல்மேனில் மழை விடவே இல்லை என்று எழுதியிருந்தாய். இங்கும் அதே கதைதான். மாடிப்படியெல்லாம் ஈரம். லிஃப்ட் இல்லாத ஐந்து மாடி, உனக்குத் தெரியாததா?

தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு முட்டி வலிக்காகப் பிசியோதெரபிக்குப் போனேன். சின்னப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். முட்டியைத் தொடுவதற்கு முன்பே, எத்தனை பிரசவம், இருமினால் தும்மினால் சிறுநீர் சொட்டுகிறதா என்று கேட்டுவிட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் ஆமாம் என்றேன். அவள் கேட்டது பர்மாப் பாஷையில், அதனால்தான். தமிழில் கேட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன். கடைசிப் பிரசவத்திலிருந்து 28 வருஷம், உன்னிடம்கூடச் சொன்னதில்லையே! கோயிலுக்குக் கறுப்பு லுங்கியாகவே கட்டிக்கொண்டு வந்தேனே, அது ஆசைக்கு என்றா நினைத்தாய்?

இடுப்பெலும்புக்கு அடியில் தொட்டில் மாதிரி ஒரு தசை இருக்கிறதாம். மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் அதுதான் தாங்குகிறது. பிரசவத்தில் தளர்ந்துபோகும், மாதவிலக்கு நின்றபின் இன்னும் பலம் குறையும். உடம்பு கனத்தால் அந்தப் பாரம் முட்டிக்கும் இறங்கும், இந்தத் தசைக்கும் இறங்கும். இதற்கான பயிற்சியைக் கெகல் என்ற அமெரிக்க டாக்டர் 1948-லேயே எழுதிவைத்துவிட்டார். நம் அம்மாக்களுக்கு யார் சொன்னார்கள்?

வாயுவை அடக்குகிற மாதிரி உள்ளே இழுத்து, ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, தொடையை இறுக்கக் கூடாது. நான் முதல் வாரம் முழுக்க இழுப்பதற்குப் பதிலாகக் கீழே முக்கிக்கொண்டிருந்தேன்! அவள் கண்டுபிடித்துத் திருத்தினாள். நல்ல பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகுமாம். தும்மல் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் இறுக்கிக்கொள் என்றாள். அது மட்டும் இப்போதே கைகொடுக்கிறது. முட்டிக்கு நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நிறுத்துகிற பயிற்சி. வலி பாதிதான் குறைந்திருக்கிறது. டீக்கடைக் குட்டி ஸ்டூலில் உட்கார்ந்தால் எழுப்பிவிட இன்னும் ஆள் வேண்டும்.

அடிவயிறு கீழே இறங்கினமாதிரி கனமாக இருக்கிறது, கோயிலுக்குப் போகிற நாளில் தண்ணீரே குடிப்பதில்லை என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்துத்தான் இவ்வளவும் எழுதினேன். தண்ணீரைக் குறைக்காதே. மூத்திரம் அடர்த்தியானால் பை எரிச்சலாகி, அவசரம் இன்னும் கூடும். நான் எழுதியதைப் பார்த்து நீயாகப் பயிற்சி ஆரம்பித்துவிடவும் வேண்டாம். சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, இறுகிப் போயிருக்கும். அவர்கள் மேலும் இறுக்கினால் வலிதான் மிச்சம். முதலில் ஒரு பெண் டாக்டரிடம் காட்டு.

அங்கே காட்ட வசதியில்லை என்றால் இங்கே வா, நான் கூட வருகிறேன். வரும்போது பம்பளிமாஸ் கொண்டு வா. இரண்டு போதும், மூட்டையாகத் தூக்கிக்கொண்டு வராதே.

உன்
காமாட்சி